குவாரிக் குட்டையின் கதவு

எல்லப்பன் செத்துப்போனது விடியற்காலை ஐந்து மணிக்கு. பிரிஸ்கில்லாவுக்குப் பயம் வந்தது என்னவோ பதினொன்றரை மணிக்குத்தான்.

அதுவரை அவளும் அத்திப்பூண்டி காலனிப் பெண்களோடு தோள் பிடித்து அழுதாள். அழுது முடித்ததும் எழுந்துபோய், உத்திரமேரூர் பஸ்ஸிலிருந்து வந்து இறங்குகிற உறவுக்காரர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். எல்லப்பன் அவளுக்கு ரத்த உறவு கிடையாது. இவள் வீட்டார் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர் வீட்டார் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். முப்பது வருஷம் கல்குவாரியில் பாறைக்குத் துளை போட்ட மனிதர் அவர். அந்தக் கல்தூசியில் வந்த இருமல் நாலு வருஷமாகச் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அது நின்றுபோன பிறகுதான் அவளுக்கு விழிப்பே வந்தது.

பதினொன்றரை மணிக்கு, குழாயடியில் குளிப்பாட்டி ஈர வேட்டியோடு ஒரு பையனைக் கூட்டிவந்து பந்தலில் நிறுத்தினார்கள். வெற்று மார்பு, நெற்றி நிறையத் திருநீறு, கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கலைச்செல்வன். எல்லப்பனுடைய தம்பி பச்சமுத்துவின் இளைய மகன். ஒன்பதாம் வகுப்பு. அவன் கையில் கொள்ளிச் சட்டியைக் கொடுத்தார்கள்.

பிரிஸ்கில்லா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பையனின் அம்மா வளர்மதி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி, கலையா கொள்ளி வெக்கிறான்? பெரியவன் முத்துவேல் இன்னா ஆனான்?"

"ஓசூர்லேர்ந்து வரணுமே. இப்பதான் போன் பண்ணான், வர மூணு மணி ஆவுமாம். இந்த வெயில்ல உடம்பு தாங்காதுன்னுட்டாங்க. அவருக்குப் புள்ள இல்ல, தம்பி புள்ள புள்ள மொறதான, சின்னவனே வெக்கட்டும்னு பேசி முடிச்சிட்டாங்க."

"முழுக்கு எங்க?"

வளர்மதி அவளை விநோதமாகப் பார்த்தாள். "எங்கன்னா? குட்டையிலதான். ஏரியிலதான் நண்டுக்குக் கூடத் தண்ணி இல்லியே."

பயம் வந்தது அப்போதுதான். ஏனென்றால் அந்தக் குட்டைக்குக் கதவு வைத்தவளே பிரிஸ்கில்லாதான்.

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு ஊரில் இருக்கிற பெயர் பொகல அக்கா. ஆறு வருஷமாக வட்டாரச் சுகாதாரத் திட்டத்தில் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்க்கிறாள். வேலை என்னவென்று யாராவது கேட்டால் அவள் கணவர் ஆல்பர்ட், ஒரகடத்தில் கட்டட மேஸ்திரி, ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "பசங்க வாயில பொகல போடாம பாத்துக்கணும், கைகால் ஒடச்சிக்காம பாத்துக்கணும். ரெண்டும் நடக்கல." அவர் சொல்லிச் சிரிப்பார், இவள் சிரிக்க மாட்டாள். பள்ளிக்கூடத்தைச் சுற்றி நூறு கஜத்துக்கு மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் இருந்த இரண்டு பெட்டிக்கடைகளில் பீடிக்கட்டைத் தூக்க வைத்தவள் அவள். பஸ் படிக்கட்டில் தொங்குகிற பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே ஏற்றுவாள். தூரத்தில் அவளுடைய ஸ்கூட்டி தெரிந்தாலே, "டேய், பொகல அக்கா வருது, வாயத் தொடச்சிக்கோ" என்று குரல் கிளம்பும்.

வாயைத் துடைத்துக்கொள்கிற அந்தக் காரியம் அவளுக்கும் பழக்கம்தான். அவளுக்கு ஏழு எட்டு வயசில் அவளுடைய நைனா பீடியை நீட்டி, "அடுப்புல பத்த வெச்சிக்கினு வா" என்று அனுப்புவார். அடுப்பிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் அணைந்துவிடக் கூடாது. அதற்காக ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். இழுப்பாள். பிடித்தும் இருந்தது. ஒருநாள் இரண்டு இழுப்பு இழுத்து, வாசலுக்கு வருவதற்குள் தலை கிர்ரென்று சுற்றி, படியில் விழுந்து முன்பல் ஒன்று உடைந்தது. பல்லைப் பற்றித்தான் வீட்டில் பேசினார்கள். பீடியைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளிக்கூடங்களில் பேசும்போது அவள் இந்தக் கதையைச் சொன்னதே இல்லை. பையன்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சம்.

கதவு விஷயத்துக்கு வருவோம். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், திருவிழாவுக்கு வந்த பக்கத்து ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் கைவிடப்பட்ட குவாரிக் குட்டையில் இறங்கிச் செத்தார்கள். தண்ணீர் பச்சையாக, சாதுவாக இருக்கும். ஓரத்தில் நாலு படி மாதிரி வெட்டிய பாறை. ஐந்தாவது படி கிடையாது. அங்கிருந்து நேராக ஐம்பது அடி. பிரிஸ்கில்லா ஏழு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து கம்பி வேலிக்கு உத்தரவு வாங்கினாள். கிராம சபையில் அதைப் படித்தபோது காலனிப் பெரியவர் கிருஷ்ணசாமி எழுந்து நின்றார்.

"வேலி போடு, நல்லதுதான். ஆனா காரியத்துக்கு ஒரு வழி வுட்டுடு. ஏரி வத்திப் போச்சின்னா சுடுகாட்டுலேர்ந்து வர்றவங்க எங்க முழுக்குப் போடறது?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. முடியாது என்று சொல்லியிருந்தால் வேலியே கிடையாது. அது அவளுக்குத் தெரியும். "பெரியவங்க மட்டும்னு எழுதிக்கலாமா மாமா?" என்று கேட்டாள். "எழுதிக்கோ" என்றார் அவர். கதவு வந்தது, பூட்டு வந்தது, சாவி தண்ணீர்த்தொட்டி ஆபரேட்டர் ஜெகனிடம் போனது. அன்றைக்கு அவளுக்கு ஏக சந்தோஷம். ஊரைக் கூட்டி, ஊர் வழக்கத்தையும் மதித்து, காரியத்தைச் சாதித்துவிட்டதாக மேலதிகாரிகள் பாராட்டினார்கள்.

கொள்ளி வைக்கிறவன் சின்னப் பையனாகவும் இருக்கலாம் என்பது கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான். கொள்ளி வைத்தவன்தான் முதலில் இறங்க வேண்டும். மூன்று முழுக்கு, தலை முழுவதும் மூழ்க. கலைச்செல்வனுக்கு நீச்சல் தெரியாது. போன மாதம் அவள் எடுத்த கணக்கில், நீச்சல் தெரியாத நாற்பத்தொரு பையன்களில் அவனும் ஒருத்தன்.

பந்தலுக்குள் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. வெற்றிலை, பாக்கு, பீடிக்கட்டு, பிரித்த சிகரெட், தீப்பெட்டி, ஓரத்தில் ஒரு கொத்துப் புகையிலை. சாவுக்கு வந்தவர்களுக்கு நீட்டுகிற தட்டு அது. நீட்டாவிட்டால் மரியாதைக் குறைவு. தட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றியவர்கள் கலைச்செல்வனோடு படிக்கிற இரண்டு பையன்கள். திங்கள்கிழமைப் பிரார்த்தனையில் அவள் சொல்லச் சொல்ல, புகையிலையைத் தொட மாட்டோம் என்று கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறவர்கள். அவளைப் பார்த்ததும் ஒருத்தன் தட்டை இறக்கினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு வருஷத்தில் எந்தக் கடைக்காரனையும் விட்டதில்லை, ஆனால் சாவு வீட்டுத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சாவு வீட்டில் போய்ச் சட்டம் பேசுவதா என்று விட்டுவிட்டாள்.

திருப்பிய முகத்துக்கு நேரே அது நடந்தது. பையனின் தாய்மாமன் இருசப்பன் தட்டிலிருந்து புகையிலையைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, உள்ளங்கையில் கசக்கினார். கலைச்செல்வனின் தாடையைப் பிடித்து, கன்னத்துக்குள் அதை அடக்கினார்.

"மென்னுடாத. அப்படியே அடக்கிக்கோ. பாடையாண்டயே நடக்கணும், வாட வந்துச்சின்னா கொமட்டும். இது இருந்தா ஒண்ணும் தெரியாது. ஆம்பளடா நீ."

பையன் தலையாட்டினான். ராத்திரியிலிருந்து அவன் பட்டினி. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, கொள்ளி வைக்கிறவன் சாப்பிடவும் கூடாது.

பிரிஸ்கில்லா எழுந்தாள். பந்தலைச் சுற்றிப் போய், பாடை கட்டுகிற இடத்தில் நின்ற பச்சமுத்துவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, பையன் வாயில மாமா பொகல வெச்சிட்டாரு. வெறும் வயிறு. பழக்கமில்லாதவனுக்கு மயக்கம் வரும். துப்பச் சொல்லுங்க. அப்பறம் அந்தக் குட்டையில..."

பச்சமுத்து திரும்பினார். காலையிலிருந்தே மூச்சில் சாராய வாடை. "பிரிஸ்கி, எங்க அண்ணன் செத்துப் படுத்துக்கினு கீறாரு. இன்னிக்கு உன் ஆபீஸுக்கு லீவு வுடு."

பக்கத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவன் சிரித்தான். "பொணத்து வாயையும் தொறந்து பாத்துடும்ணா இந்தக்கா."

அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. ஆனாலும் கிருஷ்ணசாமியிடம் போனாள். "மாமா, பெரியவங்க மட்டும்னுதான எழுதினோம். பையன் இங்கயே குழாயடியில ஊத்திக்கட்டுமே."

அவர் அவளைத் திட்டவில்லை. பொறுமையாகவே சொன்னார். "குழாயடி ஊருக்குள்ள கீது. கொள்ளி வெச்சவன் தலை நனையாம ஊருக்குள்ள கால் வெக்கக் கூடாது. வெச்சா, அடுத்த சாவு இந்தத் தெருவுலதான். உனக்குத் தெரியாதா?"

"அவனுக்கு நீச்சல் தெரியாது மாமா."

"நாங்கள்லாம் பக்கத்துல இல்லியா? எட்டிப் புடிச்சிக்குவோம். போம்மா."

பறை அடித்துப் பாடை கிளம்பிவிட்டது. அதற்குமேல் யார் பேச்சும் யார் காதிலும் விழவில்லை. கலைச்செல்வன் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் ஒரு பக்கக் கன்னம் புடைத்திருந்தது. கழுத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது. வெயில் வேர்வை வேறு, இது வேறு என்று அவளுக்குத் தெரியும். தெருமுனையில் பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அதற்குமேல் பெண்கள் போவதில்லை. வீட்டைக் கழுவிவிட வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும் என்று திரும்பினார்கள்.

பிரிஸ்கில்லா திரும்பாமல் நின்று கணக்குப் போட்டாள். சுடுகாடு வரை கால் மணி. தலை மழித்து, கட்டை அடுக்கி, கொள்ளி வைக்க அரை மணி. அங்கிருந்து வரப்பு வழியாகக் குட்டைக்குப் பத்து நிமிஷம். பின்னால் ஓடிப்போய்க் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை. கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கவே கூடாது. யார் கூப்பிட்டாலும், பெற்ற தாயே கூப்பிட்டாலும், திரும்பாமல் தண்ணீரைப் பார்த்து நடக்க வேண்டும். அப்படியானால் ஒரே வழிதான். அவனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

வீட்டுக்கு ஓடினாள். இரண்டு பிளாஸ்டிக் பக்கெட், மயக்கத்துக்குக் கரைத்துக் கொடுக்க உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இரண்டு. ஸ்கூட்டியின் முன்னால் பக்கெட்டை வைத்து, முழங்காலால் அதை அழுத்திக்கொண்டு கிரஷர் ரோட்டில் விட்டாள். எதிரே ஜல்லி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு லாரி போனபிறகும் ரோடே தெரியாத வெள்ளைத் தூசி. ஓரம் கட்டி நிற்க வேண்டும், நின்றால் நேரம் போகும். ஹெல்மெட் போட மறந்துவிட்டோம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவை.

குட்டையின் கதவு அகலத் திறந்து கிடந்தது. பூட்டு சங்கிலியில் தொங்கியது. ஜெகன் வேலி நிழலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெகன், பூட்டுப்பா."

"இன்னாக்கா வெளையாடறியா? பொணம் போயிக்கினு கீது. கிருஷ்ணசாமி அண்ணன்தான் தொறக்கச் சொன்னாரு. பூட்டினா என்னத்தான் ஒதைப்பாங்க."

"கலைதான் கொள்ளி. அவனுக்கு நீச்சல் வராது."

ஜெகன் போனை இறக்கினான். ஒரு நொடி யோசித்த மாதிரிதான் இருந்தது. "பெரியவங்க கூட இருப்பாங்கக்கா."

"எத்தினி பேரு குடிக்காம கீறாங்க சொல்லு, பாக்கலாம்."

அவன் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து சட்டையை இழுத்து மூடிக்கொண்டான்.

வேலிக் கம்பத்தில் அவளே மாட்டிவைத்த லாரி ட்யூப் இருக்க வேண்டும். தண்ணீரில் யாராவது விழுந்தால் எறிய. போய்ப் பார்த்தால் அது கம்பத்தில் செத்த பாம்பு மாதிரித் துவண்டு தொங்கியது. எந்தப் பையனோ எடுத்து விளையாடிவிட்டு ஓட்டையோடு திருப்பி மாட்டியிருக்கிறான். பிரிஸ்கில்லாவுக்கு அழுகை வந்தது. அவளுக்கும் நீச்சல் தெரியாது.

பாறைப் படியில் இறங்கி, முதல் படியிலேயே உட்கார்ந்து, இரண்டு பக்கெட்டிலும் தண்ணீர் மொண்டாள். அவசரத்தில் பாதி கொட்டியது. மறுபடி மொண்டாள். இரண்டையும் தூக்கிவந்து கதவுக்கு வெளியே, வேலியை ஒட்டி வைத்தாள். பிறகு கதவின் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போய் நின்றாள். ஆள் ஒருவர் போகிற அகலம்தான் அது. அப்படி வைக்கச் சொன்னதும் அவள்தான்.

வரப்பில் தலைகள் தெரிந்தன. முதலில் கலைச்செல்வன். மழித்த தலை வெயிலில் மின்னியது. அவனுக்கு இருபது அடி பின்னால் பச்சமுத்து, இருசப்பன், கிருஷ்ணசாமி, அப்புறம் பத்துப் பதினைந்து பேர். பையன் நேராக நடக்கவில்லை. கால் வரப்பின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகப் போயிற்று. பின்னால் வருகிறவர்கள் அதைத் துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

"யாருடா அது கதவாண்ட?"

"பொம்பள மாதிரி கீது."

"அட, பொகல அக்கா!"

பச்சமுத்து கத்தினார். "தே பிரிஸ்கி! வழி வுடு! பொம்பள வர்ற எடமா இது?"

அவள் நகரவில்லை. பையனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து அடி. அவன் உதடு வெளுத்திருந்தது. கன்னத்தில் இன்னும் அந்தப் புடைப்பு. அடக்கிக்கோ என்று மாமன் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறான். துப்பவும் இல்லை, விழுங்கிய எச்சிலுக்கும் கணக்கு இல்லை. ஐந்து அடி. அவளைப் பார்த்தான், ஆனால் அவள் இன்னார் என்று அந்தக் கண்ணுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. அவளைத் தாண்டிப் போகப் பார்த்தான்.

"கலை, நில்லு. அத்த சொல்றேன்."

"ஒத்து அத்தே..." வாய்க்குள் இருந்ததில் வார்த்தை குழறியது. "தண்ணிக்குப் போணும்."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது. பின்னால் கூச்சல் எழும்பியது. "தொடாத! தொடக் கூடாது அவன!" யாரோ ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார். பச்சமுத்துதான். அவள் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள், மறு கையால் பையனை விடவில்லை. வளையல் ஒன்று நொறுங்கியது.

"என் புள்ளய வுடுடீ!"

"வுட மாட்டேண்ணா. அடிச்சாலும் வுட மாட்டேன்."

அடிக்கத்தான் கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்குவதற்குள் பையனின் கண் மேலே செருகியது. முழங்கால் மடங்கி, அவள்மேல் சாய்ந்து, அப்படியே சரிந்தான். வாயிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கொட்டியது. பிரிஸ்கில்லா அவனோடு கதவுக்கு வெளிப்பக்கம் தரையில் உட்கார்ந்து, ஒருக்களித்துப் புரட்டிப் போட்டு, விரலை வாய்க்குள் விட்டுத் தோண்டினாள். கரும்பச்சையாக ஒரு உருண்டை வந்தது. பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டதையும் தோண்டினாள். அவன் மூச்சுக்குத் திணறி, மறுபடி கக்கினான். அப்புறம் அசைவில்லை.

தூரத்தில் கிரஷர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஜெகன்! நூத்தியெட்டுக்குப் போன் போடு! இன்னா பாத்துக்கினு கீற, போடு!"

மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது, மெல்லியதாக, விட்டு விட்டு. கழுத்தில் விரல் வைத்து எண்ணினாள். எண்ணிக்கை தப்பித் தப்பிப் போயிற்று. பச்சமுத்து ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். இருசப்பன் மண்ணில் கிடந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சிட்டிகதான் வெச்சேன்," என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "நான் பத்து வயசுலேர்ந்து போடறேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே. ஒரு சிட்டிகதான்..."

கிருஷ்ணசாமி கதவுக்கு அப்பால் இருந்த பாறைப் படியைப் பார்த்தார். பையன் விழுந்த இடத்திலிருந்து எட்டுக் காலடி தூரம் இருக்கும். பிறகு பச்சைத் தண்ணீரைப் பார்த்தார்.

நாலைந்து நிமிஷம் இருக்கும். பிரிஸ்கில்லாவுக்கு அது ஒரு பகலாகக் கழிந்தது. பையனின் இமை துடித்தது. கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றி நிற்கிற கால்களைப் பார்த்தான்.

"முழுக்குப் போட்டுட்டனா அத்தே?"

"இல்லடா கண்ணு."

"அப்டீன்னா வூட்டுக்குப் போவக் கூடாது." எழுந்திருக்கப் பார்த்தான். கை ஊன்றவில்லை. "பெரிப்பாவுக்கு ஆவாது."

அவள் நிமிர்ந்து கிருஷ்ணசாமியைப் பார்த்தாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் பக்கெட்டை இழுத்து, பையனை மடியில் நிமிர்த்திச் சாய்த்து, கையால் அள்ளி முதலில் நெற்றியை நனைத்தாள். பிறகு பக்கெட்டைத் தூக்கி, மழித்த தலையில் மூன்று தடவையாகப் பிரித்து ஊற்றினாள். அவள் புடவையும் சேர்ந்து நனைந்தது. யாரோ 'ஐயையோ' என்றார்கள். சுடுகாட்டு முழுக்கை ஒரு பொம்பளை கையால் ஊற்றி அந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

கிருஷ்ணசாமி துண்டை அவிழ்த்தார். படியைப் பார்த்துப் போவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் இரண்டாவது பக்கெட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஜெகன், எனக்கு ஊத்துடா."

"உங்களுக்குமாண்ணா?"

"ஊத்துடான்றன்!"

அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். பச்சமுத்து மட்டும் ஒருவரையும் பார்க்காமல் கதவைத் தாண்டிப் படியில் இறங்கினார்.

"அண்ணா, வேணாம்ணா. குடிச்சிக் கீறீங்க."

அவர் நின்றார். திரும்பவில்லை. "என் அண்ணன் சாவுல பொம்பள கைய வெச்சிட்ட. என்னிக்கும் மறக்க மாட்டேன் நான்." நாலாவது படியில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூழ்கினார்.

பிரிஸ்கில்லா பையனின் தலையை மடியில் வைத்தபடியே எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர் வட்டம் வட்டமாகப் பிரிந்து ஓரத்தில் மோதியது. ஆறு, ஏழு. இந்தக் கதவை வைத்தது தான்தான் என்று மறுபடி நினைவு வந்தது. ஒன்பது. தலை மேலே வந்தது. மறுபடி மூழ்கினார். அவள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். மூன்றாவது முழுக்கில் கால் வழுக்கி, ஒரு கை மட்டும் வெளியே தெரிந்து, பாறை விளிம்பைத் தடவித் தேடியது. ஜெகன் பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்தான். பச்சமுத்து இருமிக்கொண்டே படியில் ஏறி உட்கார்ந்தார்.

கிரஷர் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. பையனைப் பச்சமுத்துவே வந்து தூக்கினார். பிரிஸ்கில்லா பக்கம் பார்க்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட வண்டிக்கு நடந்தார். படுக்கையில் கிடத்தினார். ஏறி உட்கார்ந்தார். உள்ளே இருந்த பெண், பையன் என்ன சாப்பிட்டான், எப்போது சாப்பிட்டான், எத்தனை தடவை கக்கினான் என்று கேட்டாள். பச்சமுத்து வெளியே எட்டிப் பார்த்தார்.

"இன்னா நின்னுக்கினு கீற? ஏறு. அந்தம்மா கேக்கறதுக்கெல்லாம் எனக்கு இன்னா சொல்லத் தெரியும்?"

அவள் ஏறினாள். உட்கார இடம் இல்லை. அவர் காலை ஒடுக்கி இடம் விட்டார். வண்டி திரும்பும்போது, "ராத்திரியிலேர்ந்து வெறும் வயிறு," என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள்.